சொல்லக்கூடாத காற்று

அமலோற்பவம் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு தள்ளி வைத்தாள். விளமீன் குழம்பின் மேல் எண்ணெய் பிரிந்து ஏடு கட்டத் தொடங்கியிருந்தது. சில வாரங்களாகவே இப்படித்தான். சமைக்கும்போது இருக்கிற பசி உட்காரும்போது எழுந்து போய்விடுகிறது. ஈ ஒன்று தட்டின் விளிம்பில் நடந்து வந்து, மீனின் கண்ணருகே நின்று, முன்கால்களைத் தேய்த்துக்கொண்டது. ஓட்ட வேண்டும் என்று நினைத்தாள். ஓட்டவில்லை. மேசையின் மறுபக்கம் தொலைபேசி, அதனோடு கம்பியால் இணைத்த பதிவுக் கருவி, அதற்கப்பால் திறந்து கிடந்த மடிக்கணினி. திரை முழுவதும் இந்துமாக்கடல். அதில் பூமத்திய ரேகையின் மேலேயே ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளிதான் ஆக்ஸிலியா. பாய்மரப் படகில் தன்னந்தனியாக, எந்தக் கரையிலும் கால் வைக்காமல், எவரிடமும் எதுவும் வாங்காமல் உலகத்தைச் சுற்றிவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருக்கிற ஆக்ஸிலியா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே படகில் அதே கடல்களைச் சுற்றி வந்தவள் அமலோற்பவம். அவள் எடுத்துக்கொண்ட நாள்களை இந்த நாட்டில் இதுவரை எவரும் குறைத்ததில்லை. இந்தப் புள்ளி குறைத்துவிடும். காற்று வந்தால் குறைத்துவிடும். காற்றுத்தான் வரவில்லை. நாளுக்கு ஒரு தடவை, சாயங்காலம்தான் புள்ளி இடம் மாறும்; சில நாள்களாக அது அசையவே இல்லை. சுவரில் நசுக்கிய கொசுவின் ரத்தம் போல அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் அது அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தால். இந்த இடத்துக்கு வந்ததும் அவள் எண்ணம் எப்போதும் போல நின்று, வேறு பக்கம் பார்த்துக்கொண்டது.

வேறு பக்கம் என்றால் கோயில். காலைப் பூசையில் சாமியார், நடுக்கடலில் காற்றில்லாமல் தவிக்கிற நம் மகள் ஆக்ஸிலியாவுக்காக மன்றாடுவோம் என்றார். சனம் முழுவதும் மன்றாடியது. பின்வரிசைப் பெண்கள் சிலர் முக்காட்டுக்குள் அழுதார்கள். அமலோற்பவமும் எல்லாரோடும் சேர்ந்து வாயசைத்தாள். வாய் அசைந்தது அவளுக்குத் தெரிந்தது, பல் மருத்துவரிடம் மரத்துப்போன வாய் அசைவது தெரிகிற மாதிரி. பூசை முடிந்து மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினாள். சித்திரை வெயில். கதவெல்லாம் திறந்து கிடந்தும் ஓர் அசைவில்லை. சுடர் நேராக நின்றது. வரைந்து வைத்தது போல அவ்வளவு நேராக நின்றது. அதைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் குளிர்ந்த தண்ணீர் போல ஒன்று இறங்கியது. இறங்கி வயிற்றுக்குப் போன பிறகுதான் அது மகிழ்ச்சி என்று தெரிந்தது. சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பெண் அவள் கையைப் பிடித்து, ஒங்க செபத்த மாதா கண்டிப்பா கேப்பா என்றாள். கேட்பாள்தான். எதைக் கேட்பாள் என்பதுதான் தெரியவில்லை. மாதாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே வெளியே வந்து, வெயிலில் செருப்பைத் தேடும்போது இடக்காலில் வலச் செருப்பை மாட்டிக்கொண்டு, அப்படியே நாலடி நடந்துவிட்டாள்.

திரையில் விரலை வைத்து நகர்த்தினால் காற்று தெரியும். அடிக்கிற காற்று பச்சை, ஓய்ந்த காற்று வெளிர்நீலம். ஆக்ஸிலியாவைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெளிர்நீலம். வடக்கே, ஊரைப் பார்த்து, இன்னும் வெளிர்நீலம். ஆனால் தெற்கே, அவள் கடந்து வந்த பக்கமாகவே, ஒரு ராத்திரி தூரத்தில், நல்ல பச்சையில் ஒரு பட்டை. கச்சான். மேற்கிலிருந்து அடிக்கிற அந்தக் காற்றை அமலோற்பவத்துக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கொழும்புத் தோணியை ஓட்டுகிற தண்டலாக இருந்த அப்பா, வீட்டுக்குள் நுழையும்போதே அவர் சட்டையின் வாடையில் அது கச்சானா, கிழக்கிலிருந்து அடிக்கிற கொண்டலா என்று சொல்லிவிடலாம். இந்தக் கச்சான் மெதுவாக மேலே ஏறி வரும். வருவதற்கு ஒரு வாரம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை காத்துக் கிடந்தால் ரெக்கார்டு போயிற்று. ஊருக்கு முதுகைக் காட்டிவிட்டுத் தெற்கே இறங்கிப் போய் அதைப் பிடித்தால், அப்புறம் கிழக்கே சாய்ந்து ஒரே ஓட்டமாக மேலே ஏறி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு வந்துவிடலாம். ஏழு மாதம் கடலில் கிடந்தவளுக்கு ஊருக்கு முதுகைக் காட்டத் தோன்றாது. எவளுக்கும் தோன்றாது. ஆக்ஸிலியாவிடம் இந்தப் படம் கிடையாது. வானம், அலை, காற்றழுத்தமானியின் முள், தன் மூக்கு. இவ்வளவுதான் அவளுக்கு அனுமதி. கரையிலிருந்து எவரும் காற்றைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லக்கூடாது. சொன்னால் தனிப்பயணம் என்ற பெயர் போய்விடும். உதவி பெற்ற பயணம் என்று வேறு பிரிவில் எழுதிவிடுவார்கள். அவள் கேட்டாளா, கேட்டபடி நடந்தாளா, நடக்காமல் இருந்தாளா என்பதெல்லாம் நடுவர்களுக்குக் கேள்வியே இல்லை. காதில் விழுந்தால் போதும். அதற்காகத்தான் இந்தப் பதிவுக் கருவி. ஞாயிறு மத்தியானம் ஆக்ஸிலியா கூப்பிடுவாள், கொஞ்ச நேரம் பேசுவாள், பேச்சு முழுவதும் அப்படியே நடுவர்களுக்குப் போய்விடும். கரையில் இருந்து பேசுகிற ஒரே ஆள் அமலோற்பவம். இந்த மேசை, இந்த நாற்காலி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் ஆக்ஸிலியா.

இந்த ஏற்பாடு எவ்வளவு அழகு என்று எல்லாரும் சொன்னார்கள். படகுக்குப் பணம் போட்ட பெயின்ட் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் கிஷோர் என்று ஒரு பையன். மேடம், மேடம் என்று வாரத்துக்கு நாலு தடவை சென்னையிலிருந்து கூப்பிடுவான். வரவேற்பு மேடையில் நீங்களே உங்க ரெக்கார்டை அவங்க கையில குடுக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணும் மேடம் என்றான் போன வாரம். ரெக்கார்டை எப்படித் தம்பி கையில் குடுப்பது, அது என்ன மரக்கால் உப்பா என்று கேட்டாள். அவன் சிரித்துவிட்டு, கண்ணாடியில் ஒரு உலக உருண்டை செய்யச் சொல்லியிருப்பதாகச் சொன்னான். கண்ணாடி உருண்டை. அதைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். கீழே போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அன்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். கீழ் வீட்டில் இருக்கிற அண்ணன் ரொசாரியோ இன்று காலை மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசற்படியிலேயே நின்று, "என்னளா அமலி, மாலை வாங்கி வச்சாச்சா" என்று கேட்டார். யாருக்கு என்றாள். "ஒனக்குத்தான். செத்தவங்களுக்கும் மாலை உண்டும்லா." சொல்லிவிட்டு அவரே சிரித்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அவருக்கு ஐஸ் கம்பெனி. வாழ்க்கை முழுவதும் செத்த மீன்களை அழுகாமல் பார்த்துக்கொண்டவர். அவர் சொன்னதில் என்ன தப்பு. உலகத்தைத் தனியாகச் சுற்றி வந்த அமலோற்பவம் என்றுதான் அழைப்பிதழில் போடுவார்கள், பள்ளிக்கூடத்தில் சொல்லுவார்கள், வங்கியில் சொல்லுவார்கள், ரேஷன் கடையில்கூட வரிசையை விலக்கி விட்டுச் சொல்லுவார்கள். அந்த முன்சொல்லை உருவி எடுத்துவிட்டால் மீதி என்ன. அமலோற்பவம். ஐம்பதைத் தாண்டின ஒருத்தி. கல்யாணம் ஆகாதவள். வலது கையில் மூன்று விரல்காரி.

விரல். அங்கேதான் வந்து நிற்கும், எங்கே சுற்றினாலும். பசிபிக்கின் தென்கோடி, தென் அமெரிக்காவின் அடிநுனியான ஹார்ன் முனைக்கு இன்னும் கொஞ்ச தூரம். காற்றழுத்தமானியின் முள் விழுந்துகொண்டே இருந்தது, கிணற்றில் விழுந்த வாளி போல. புயல் வருகிறது என்பது தெரியும். எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பது தெரியாது. வடக்கே ஒதுங்கினால் தப்பலாம், அல்லது தெற்கே ஒதுங்கினால் தப்பலாம். தவறின பக்கம் ஒதுங்கினால் அதன் வாய்க்குள்ளேயே போய் உட்கார்ந்த மாதிரி. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆக்ஸிலியா இந்த நாற்காலியில் இருந்தாள், இதே மாதிரி ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு, புயலின் கண்ணை விரலால் தொடுகிற தூரத்தில். அமலோற்பவம் கெஞ்சினாள். அப்படி அவள் எவரிடமும் கெஞ்சியதில்லை, அப்பாவின் உயிருக்காக டாக்டரிடம்கூட. வடக்கா தெற்கா, ஒரே ஒரு சொல் சொல்லு என்றாள். பேச்சு பதிவாகிறது என்று அவளுக்கும் தெரியும். ரெக்கார்டு நாசமாகப் போகட்டும், எனக்கு உயிரோடு வரணும் என்றுகூடச் சொன்னாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "எக்கா, அத நான் சொல்லக்கூடாது." அதோடு விட்டிருந்தால் போதும். அடுத்ததாகக் குரலைத் தாழ்த்தி, "சாப்பிட்டீங்களா எக்கா?" என்று கேட்டாள். சாப்பிட்டீங்களா. பனைமர உயரத்துக்கு அலை எழப் போகிற கடலில் நிற்கிறவளைப் பார்த்துச் சாப்பிட்டீங்களா. அந்தக் கேள்வியை அமலோற்பவம் பன்னிரண்டு வருஷமாக மென்றுகொண்டிருக்கிறாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவள் வடக்கே ஒதுங்கினாள். புயலும் வடக்கேதான் வந்தது.

பாயைச் சுருக்குகிற கயிறு உருளையில் சுற்றியிருந்தது. அலை படகைக் கவிழ்த்து நிமிர்த்தின ஒரு நொடியில் கயிறு இறுகியது. அவள் கை அதற்குள் இருந்தது. மோதிரவிரலும் சுண்டுவிரலும். வலி உடனே வரவில்லை. முதலில் வந்தது வியப்பு, என் கையிலா இவ்வளவு இடம் இருந்தது என்று. மறுநாள் கடல் அடங்கினபோது தளத்தின் மூலையில், கயிற்றுச் சுருளின் அடியில் இரண்டும் கிடந்தன, வெளுத்துப்போய், சந்தையில் ஒதுக்கிப் போட்ட சின்ன ஊடான் மீன்கள் மாதிரி. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். தைக்க முடியாது, புதைக்க மண் கிடையாது. கடைசியில் கடலில் போட்டாள். அப்போது அந்தப் பறவை வந்தது. பல வாரமாகப் படகின் பின்னாலேயே வந்த பெரிய வெள்ளைப் பறவை. சிறகை அசைக்காமல் மிதந்து வரும். பேச்சுத் துணைக்கு அவள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். ஆக்ஸிலியா என்றுதான் வைத்திருந்தாள். ஆக்ஸிலியா சாய்ந்து இறங்கி, தண்ணீரைத் தொட்டு, ஒன்றைக் கொத்தி விழுங்கியது. திரும்ப ஒரு வட்டம் போட்டு வந்து மற்றதையும் விழுங்கியது. பிறகு பழையபடி சிறகை அசைக்காமல் பின்னாலேயே வந்தது, இன்னும் ஏதாவது கொடுப்பாளா என்று. இதை அவள் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. கூட்டங்களில் சொல்லுவதற்கு வேறு ஒரு வாக்கியம் வைத்திருந்தாள்: அன்றைக்கு ஆக்ஸிலியா காத்த மௌனம்தான் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி. அந்த இடத்தில் கைத்தட்டல் வரும். தவறாமல் வரும். முன்வரிசையில் உட்கார்ந்து ஆக்ஸிலியா தலையைக் குனிந்துகொள்வாள். அதற்காகத் தனியாக ஒரு கைத்தட்டல் வரும்.

சுவரில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. துறைமுகத்தில் வந்து இறங்கின நாள். கழுத்து நிறைய மாலை. கட்டுப் போட்ட கையை ஆக்ஸிலியாவின் தோளில் போட்டிருக்கிறாள். ஆக்ஸிலியா அழுகிறாள். தன் முகத்தை மட்டும் அமலோற்பவத்தால் எப்போதும் படிக்க முடிந்ததில்லை. சிரிப்பா, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாளா. நானும் ஒருநாள் போவேன் எக்கா, நீங்கதான் கரையில இருக்கணும் என்று ஆக்ஸிலியா சொன்னபோது சரி என்று சொன்னது அந்த முகம்தானா. ஏன் சரி என்றாள். பெருந்தன்மை என்று பத்திரிகையில் போட்டார்கள். அவளே கொஞ்ச நாள் அப்படித்தான் நம்பினாள். பிறகு, ஆக்ஸிலியாவும் ஒரு புயலில் மாட்டுவாள், கெஞ்சுவாள், அப்போது அதே வார்த்தையை, எழுத்துக்கூட மாறாமல், அத நான் சொல்லக்கூடாது என்று சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் என்று தெரிந்துகொண்டாள். ஏழு மாதமாகக் காத்திருந்தாள். ஆக்ஸிலியா கெஞ்சவே இல்லை. தெற்குக் கடலில் பாய் கிழிந்தபோது சிரித்துக்கொண்டே தைத்ததைச் சொன்னாள். ஹார்ன் முனையை அவள் கடந்த அன்று கடல் குளம் மாதிரி கிடந்ததாம்; கூழ் காய்ச்சிக் குடித்தாளாம். ஒருத்திக்குப் புயல், ஒருத்திக்குக் குளம். சரி, கெஞ்சியிருந்தாலும்தான் என்ன. மௌனமாக இருந்திருப்பாள் அமலோற்பவம், அந்த மௌனம் ஆக்ஸிலியாவின் ரெக்கார்டைச் சுத்தமாக்கியிருக்கும், கைத்தட்டல் வாங்கித் தந்திருக்கும். மௌனம் பழிவாங்கல் ஆகாது. அது பரிசு. அவள் எனக்குச் செய்ததும் பரிசுதான், விரலைத் தவிர. அப்படியென்றால் மௌனத்துக்கு எதிர்ப்பக்கம் எது. இந்தக் கேள்வி எந்த நாளில் உள்ளே நுழைந்தது என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற விருந்தாளி மாதிரி சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தது. அந்த எதிர்ப்பக்கத்துக்கு அன்பு என்று பெயர் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. பாவம், காற்றில்லாமல் கிடக்கிறாள், சொல்லிவிட்டால் என்ன. அன்றைக்கு எனக்கு ஒருத்தி சொல்லியிருந்தால் அவள் காலைக் கழுவிக் குடித்திருப்பேன். நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. அவளைப் போல இல்லை. இந்த இடத்தில் தட்டிலிருந்த ஈ பறந்து பதிவுக் கருவியின் மேல் உட்கார்ந்தது. தொலைபேசி அடித்தது. கருவியின் சிறிய விளக்கு தானாகவே எரிந்தது.

"எக்கா."

எப்போதும் போலக் குரல் ஒரு மூச்சு தாமதித்து வந்தது. வானத்துக்குப் போய்த் திரும்பி வருகிற குரல். கேக்குதுளா, சொல்லு என்றாள் அமலோற்பவம். சாப்பிட்டீங்களா என்றுதான் ஆக்ஸிலியா முதலில் கேட்டாள். எல்லா ஞாயிறும் முதலில் அதைத்தான் கேட்பாள். இனிமேல்தான் என்றாள். என்ன கொழம்பு, விளமீனா, வாசம் இங்கவரை வருது என்று சிரித்தாள். இங்கே அவலைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை, அதையும் முறைத்துப் பார்த்துக்கொண்டுதான் தின்கிறேன், கரைக்கு வந்ததும் முதல் வேலை ஒரு பாக்கெட் மக்ரூனை யாருக்கும் கொடுக்காமல் ஒற்றையாகத் தின்பது, அதற்குப் பிறகுதான் மாலை, மேடை எல்லாம், கிஷோரிடம் சொல்லி வையுங்கள் என்றாள். சுக்கானோடு நேற்றுச் சண்டை போட்டாளாம். இன்னும் பேச்சு வார்த்தை இல்லையாம். அமலோற்பவம் ம் கொட்டினாள். இந்தப் பெண்ணுக்கு அங்கே என்ன சந்தோஷம். தவிப்பு எங்கே. சாமியார் சொன்ன தவிப்பு எங்கே. "ஒங்க மெத்தையில எடது பக்கம் ஒரு குழி இருக்கு எக்கா. அவ்வளவு நாளும் ஒருச்சாய்ச்சுதான் படுத்துருக்கீங்க. நானும் அந்தக் குழியிலயேதான் படுக்கேன். நல்லா ஒறக்கம் வருது." அமலோற்பவத்தின் இடது விலா சுருங்கியது, அங்கே யாரோ இப்போதுதான் வந்து படுத்தது போல. என் குழியில். என் படகில். அந்தப் படகின் ஒவ்வொரு முனகலையும் அவளால் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும். காற்றில்லாத நாளில் பாயின் அடிக்கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி, கயிறு இழுக்கிற இடத்தில் டொக்கென்று இடிக்கும். பைத்தியம் பிடிக்க வைக்கிற சத்தம். போன ஞாயிறு ஆக்ஸிலியா பேசிக்கொண்டிருந்தபோது முழு நேரமும் அது இடித்துக்கொண்டிருந்தது. டொக். டொக். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அன்றைக்கு எவ்வளவு நிம்மதியாகப் பேசினாள். இன்றைக்கு அது இல்லை. அதற்குப் பதிலாகக் குரலுக்குப் பின்னால் வேறு ஏதோ ஒன்று. மெல்லிசாக, விடாமல், பக்கத்து அறையில் யாரோ குழாயை மூடாமல் போனது போல. அது என்ன என்று காது கேட்டது. மனசு அதற்குப் பதில் சொல்லவில்லை. வேண்டாம், அதைக் கேட்காதே, அது லைனில் வருகிற இரைச்சல். விளக்கு எரிகிறது. ஈ அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. வாய் மரத்துப்போயிருந்தது, காலையில் கோயிலில் இருந்தது போலவே. அது அசைவது மட்டும் தெரிந்தது.

"ஆக்ஸிலியா. தெக்கே திரும்பு. அங்கன கச்சான் அடிக்குது, ஒரு ராத்திரி ஓட்டம்தான்."

எவ்வளவு தெளிவாகச் சொன்னாள். ஒரு எழுத்துகூடக் குழறவில்லை. கல்லூரிக் கூட்டங்களில் மைக் பிடித்துப் பேசுகிற குரல். குரல் வானத்துக்குப் போனது. போய்ச் சேர்கிற அந்த ஒரு மூச்சு நேரம் அமலோற்பவத்துக்கு இன்னும் இருந்தது; அதைத் திரும்பப் பிடித்து இழுக்க முடியும் என்பது போல அவள் கை மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டது, மூன்று விரலால். போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கம் பேச்சில்லை. பேச்சில்லாமல் போனதும் பின்னாலிருந்த சத்தம் முன்னால் வந்தது. தண்ணீர். படகின் வயிற்றை உரசிக்கொண்டு ஓடுகிற தண்ணீர். ஓடுகிற படகில் மட்டும் கேட்கிற சத்தம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குழியில் படுத்துக்கொண்டு, பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தூரத்தில், ராத்திரி ராத்திரியாகக் கேட்ட சத்தம். அதைப் போய் இரைச்சல் என்றாளே.

"எக்கா." ஆக்ஸிலியாவின் குரலில் இப்போது வயது கூடியிருந்தது. "நான் விடியக்காலமே திரும்பிட்டேன். முள் ஏறுச்சு, தெக்க மேகம் கோடு போட்ட மாதிரி நின்னுச்சு. மணத்துலயே தெரிஞ்சிட்டு. கச்சானப் புடிக்கத்தான் எறங்கிக்கிட்டு இருக்கேன். லேசான காத்துலயே நல்லா ஓடுது. அதச் சொல்லத்தான் வந்தேன், கடைசியா சொல்லணும்னு வச்சிருந்தேன்." பிறகு, "இனி அத யாருகிட்டச் சொல்ல."

அமலோற்பவம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். எனக்குத் தெரியாதுளா என்று சொல்ல வந்தது. எது தெரியாது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது என்பதா, கேட்டும் சொன்னேன் என்பதா. ஒரு வாரம் ஆகும் என்று கணக்குப் போட்டாயே, அவளுக்குத் தோன்றாது என்று நினைத்தாயே, எவளுக்கும் தோன்றாது என்று. உனக்குத் தோன்றியிருக்காது. அவள் ஊருக்கு முதுகைக் காட்டிவிட்டாள், தானாக, எவரும் சொல்லாமல். அந்த ஒன்றைத்தான் இனி அவளால் எவரிடமும் நிரூபிக்க முடியாது. நிரூபித்தாலும் நடுவர்களுக்கு அது கேள்வியே இல்லை. காதில் விழுந்தாயிற்று.

"பதிவாகுதுல்லா எக்கா?"

ஆகுது என்றாள்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆக்ஸிலியா அழுகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள் அமலோற்பவம். அழவில்லை. அழுதால் கொஞ்சம் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அழுதால் ஆறுதல் சொல்லலாம். "அன்னைக்கு எனக்கும் வாய் வரைக்கும் வந்திச்சு எக்கா," என்றாள் ஆக்ஸிலியா. அவ்வளவு மெதுவாகச் சொன்னாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. "தெக்கேன்னு. நாக்குல நின்னுச்சு." பிறகு, வழக்கமாகப் பேச்சை முடிக்கிற குரலில், "சரி. நீங்க சாப்பிடுங்க" என்றாள். விளக்கு அணைந்தது.

வீடு அப்படியே இருந்தது. கீழே ஐஸ் வண்டி பின்வாங்குகிற சத்தம், தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள், திரையில் புள்ளி இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது. சாயங்காலம்தான் அது நகரும். நகர்ந்து தெற்கே இறங்கி, பச்சைக்குள் போய், பிறகு ஒரே ஓட்டமாக மேலே ஏறி வரும். அவளைவிட நாலைந்து நாள் குறைவாகவே வந்து சேரும். வந்து சேரட்டும். மாலை போடுவார்கள். மக்ரூன் தின்பாள். கண்ணாடி உருண்டையைக் கிஷோர் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிடுவான். உதவியோடு சுற்றி வந்த ஆக்ஸிலியா. யாருடைய உதவி என்று கேட்பார்கள். பாசத்தில் வாய் தவறிவிட்டது, பாவம், தாய் மனசு என்று எழுதுவார்கள். அமலோற்பவம் மைக்கின் முன்னால் அழ வேண்டியிருக்கும். அழ வரும். அவளுக்கு அதில் சந்தேகம் இல்லை. படியில் காலடிச் சத்தம் கேட்டது. ரொசாரியோ கதவில் சாய்ந்து நின்று, என்ன சொல்லுதா அந்தப் பிள்ளை என்று கேட்டார். அமலோற்பவம் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வாய் தவறி ஒரு வார்த்தை சொல்லிட்டேன் அண்ணே. காத்து இருக்கிற பக்கத்த."

ரொசாரியோ கதவிலிருந்து நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், பெட்டியைத் திறந்ததும் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி பார்த்தார். காலையில் அடித்த கேலி அவர் வாயில் இல்லை. "ஒனக்கு," என்றார், "வாய் தவறிச்சு." கேள்வியாகவும் இல்லை, இல்லாமலும் இல்லை. கைலியை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு படியாகப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார். ஏறி வந்தபோது அப்படி வரவில்லை.

அமலோற்பவம் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஏடு கட்டின எண்ணெயை விரலால் ஒதுக்கிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். மூன்று விரலில் சோறு நிற்காது. பன்னிரண்டு வருஷமாகச் சிந்திச் சிந்தித்தான் சாப்பிடுகிறாள், அதனாலேயே விருந்துகளில் கரண்டி கேட்பாள். இன்றைக்குச் சிந்தினதையும் மேசையிலிருந்து எடுத்துச் சாப்பிட்டாள். குழம்பு நன்றாக இருந்தது. புளி சரியாகப் பிடித்திருந்தது. மீனைப் புரட்டி அடிப்பக்கத்துச் சதையைத் தின்று, தலையை உடைத்து, கன்னத்துக் கறியை உறிஞ்சி, முள்ளை ஒவ்வொன்றாகச் சப்பித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய், இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு வந்தாள்.